கேஸ் குழாய் இல்லாத இங்கிலாந்துக் கிராம வீடு: குளிர்காலத்துக்கு ஆயிலா, சிலிண்டரா, ஹீட் பம்பா, விறகா?

இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு, ஷ்ரூஸ்பரி, பாஸ்டன், கிங்ஸ் லின் போன்ற ஊர்களின் மருத்துவமனைகளில் வேலை கிடைத்து வருகிற நம்மவர்களில் சிலர், கொஞ்ச நாள் ஊருக்குள் இருந்துவிட்டு, தோட்டத்தோடு ஒரு வீடு வேண்டும் என்று பத்துப் பதினைந்து மைல் தள்ளிப் போய்ப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஜூன் மாதத்தில் பார்த்தால் எந்த வீடும் அழகுதான். கல் சுவர், ஆப்பிள் மரம், பின்னால் ஆடு மேயும் வயல். விளம்பரத்தின் கடைசியில் சின்னதாக ஒரு வரி இருக்கும்: மெயின்ஸ் கேஸ் கிடையாது. குளிர்காலத்தில் வீட்டை எதை வைத்துச் சூடாக்குவது என்ற தலைவலி அங்கேதான் ஆரம்பம். மண்ணெண்ணெய் பாய்லரில் சூடாகும் ஆயில் வீடு வேண்டாம் என்பார் ஒருவர். வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் என்றால் கரண்ட் பில் எகிறும் என்பார் இன்னொருவர். விறகு அடுப்பே போதுமே என்பார் பக்கத்து வீட்டுப் பெரியவர். யார் சொல்வதைக் கேட்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூனிட் விலையை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. ஜனவரியில் எப்படியும் ஒரு மோசமான வாரம் வரும். வெளியே மைனஸ் 5 இருக்கும், ஒருவருக்கு நைட் ஷிஃப்ட் இருக்கும், பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கும், சந்துப் பாதையெல்லாம் பனிப்பாளமாக இருக்கும். அந்த வாரத்தை எந்த ஏற்பாடு தாங்கும், அதற்காக வீட்டில் யார் மெனக்கெட வேண்டியிருக்கும் என்பதுதான் சரியான கேள்வி.

## எதை வைத்து அளப்பது

முதலில் வீடு. 1920-க்கு முந்தைய கிராம வீடுகள் பெரும்பாலும் இடைவெளி இல்லாத ஒற்றைச் சுவர் வீடுகள். இங்கே குளிர் என்றால் எந்நேரமும் பனி கொட்டுவது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான நாள் 3 முதல் 8 டிகிரி, கூடவே ஈரமும் காற்றும். டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடியும், மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். இந்த ஈரக் குளிர் சுவரில் ஏறிவிட்டால் எந்த பாய்லரும் திணறும். அதனால் பரணில் 270 மில்லிமீட்டர் காப்புப் பஞ்சு இருக்கிறதா, கதவு ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா என்று பார்ப்பது எந்த எரிபொருளைத் தேர்ந்தெடுப்பதையும்விட முந்தின வேலை.

இரண்டாவது, வீடு சொந்தமா வாடகையா. வாடகை என்றால் பாய்லரை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. வீட்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

மூன்றாவது, பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா. கைக்குழந்தையோ, ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவோ இருந்தால் நாள் முழுக்க 18 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இருவரும் வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறவர்கள் என்றால் வந்ததும் சட்டென்று சூடேற வேண்டும். இரண்டும் வேறு வேறு தேவை.

அப்புறம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. 2021 நவம்பர் கடைசியில் ஆர்வென் புயல் அடித்தபோது சுமார் பத்து லட்சம் வீடுகளில் மின்சாரம் போனது. வடகிழக்கு இங்கிலாந்தின் கிராமங்களில் சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் வரவில்லை. நகரத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கவலை புதிது.

கணக்குக்காகச் சில விலைகளை வைத்துக்கொள்கிறேன்: ஆயில் லிட்டர் 65 பென்ஸ், மின்சாரம் யூனிட் 25 பென்ஸ், டேங்க் எல்.பி.ஜி. லிட்டர் 65 பென்ஸ், 47 கிலோ சிலிண்டர் 90 பவுண்டு, உலர்ந்த விறகு கன மீட்டருக்கு 150 பவுண்டு. இவை நாளுக்கு நாள் மாறும். உங்கள் பகுதியின் இன்றைய விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஆயில் பாய்லர்

கேஸ் இல்லாத இங்கிலாந்துக் கிராமங்களில் அதிகம் காண்பது இதுதான். எரிவது நம் ஊர் மண்ணெண்ணெய்தான். தோட்டத்து மூலையில் பச்சை நிறத்தில் 1,000 லிட்டருக்கு மேல் பிடிக்கிற பிளாஸ்டிக் டேங்க் நிற்கும். லிட்டருக்குச் சுமார் 10 யூனிட் (மின்சாரத்தைப் போலவே, ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) வெப்பம். நல்ல நிலையில் உள்ள பாய்லர் அதில் 9 யூனிட்டை வீட்டுக்குள் கொண்டுவரும். அப்படியானால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 7 பென்ஸ் சொச்சம். மூன்று படுக்கையறை உள்ள பழைய வீடு வருடத்துக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் வரை குடிக்கலாம்.

ஆயிலின் பெரிய பலம் வேகம். ரேடியேட்டர் 70 டிகிரிக்குக் கொதிக்கும், அரை மணி நேரத்தில் அறை சூடாகிவிடும். ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

மறைமுகச் செலவுகள்தான் கையைக் கடிக்கும். கேஸுக்கும் மின்சாரத்துக்கும் ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது, ஆயிலுக்கு அப்படி எதுவும் கிடையாது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, லிட்டர் ஒரு பவுண்டைத் தாண்டிப் போனது. பெரும்பாலான விற்பனையாளர்கள் 500 லிட்டருக்குக் குறைந்து தர மாட்டார்கள். எனவே 300 பவுண்டுக்கு மேல் ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். அதனால்தான் பல கிராமங்களில் ஆயில் கிளப் என்று சேர்ந்து மொத்தமாக ஆர்டர் போடுகிறார்கள். ஊருக்குப் புதிதாகப் போனால் தபால் நிலையத்திலோ பப்பிலோ முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். லாரி உங்கள் சந்துக்குள் நுழையுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நுழையாது என்றால் சின்ன லாரி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

டேங்க் ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா என்று பாருங்கள். பழைய ஒற்றைச் சுவர் டேங்கில் விரிசல் விட்டு மண்ணில் ஆயில் கசிந்தால், மண்ணைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்யும் செலவு டேங்கின் விலையைப் போலப் பல மடங்கு. ஆயில் திருட்டும் உண்டு. இன்னொன்று, ஆயிலை ஒரு தடவை முழுக்கத் தீர்த்துவிட்டால் நிரப்பியதும் பாய்லர் ஓடாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்ற ஆஃப்டெக் (ஆயில் பாய்லர் வேலைக்கான அமைப்பு) பதிவு பெற்ற மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருக்கலாம், அதுவும் எல்லோரும் அவரைத் தேடுகிற குளிர் வாரத்தில்.

உறைபனி இரவில் பாய்லர் நின்றுபோவதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு, தெரிந்து வைத்துக்கொண்டால் ஒரு சர்வீஸ் கட்டணம் மிச்சம். இப்போதைய பாய்லர்களில் புகையிலுள்ள ஆவி குளிர்ந்து சேரும் நீரை வெளியேற்ற ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரில் இறங்கும். அதற்குள் சொட்டும் நீர் உறைந்து அடைத்துக்கொண்டால் பாய்லர் களக் களக் என்று சத்தம் போட்டுவிட்டு அணைந்துவிடும். குழாயின் வளைவிலும் நுனியிலும் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, உருகியதும் ரீசெட் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் ஓடத் தொடங்கும். கொதிக்கிற நீரை ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும். மீதி நீர் தரையில் உறைந்து காலையில் யாராவது வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் பாய்லருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பம்பு, விசிறி, பற்றவைப்பு எல்லாமே கரண்டில்தான் ஓடுகின்றன. டேங்க் நிறைய ஆயில் இருந்தும் வீடு சில்லிட்டுப் போகும்.

புது ஆயில் பாய்லருக்குத் தடை வரப்போகிறது என்று பயமுறுத்துவார்கள். கேஸ் இல்லாத வீடுகளில் 2026-லிருந்து நிறுத்தலாம் என்று முன்பு ஒரு திட்டம் இருந்தது, 2023 செப்டம்பரில் அதை 2035-க்குத் தள்ளினார்கள். இருக்கிற பாய்லர் நன்றாக ஓடுகிறது என்றால் இதற்காகப் பதற வேண்டாம்.

## எல்.பி.ஜி.: டேங்க் அல்லது சிலிண்டர்

நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் வருவது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகே வந்தாலே ஆவியாகாமல் அடம்பிடிக்கும். அதனால் இங்கே வெளியில் வைக்கும் சிலிண்டர்களில் புரொப்பேன். மைனஸ் 42 வரை அது கவலைப்படாது. 47 கிலோ சிலிண்டர்கள் இரண்டோ நான்கோ வீட்டுச் சுவரோரம் நிற்கும், ஒரு பக்கம் தீர்ந்ததும் வால்வு தானாக மறுபக்கம் மாறிக்கொள்ளும்.

பாய்லர் விலை குறைவு, சுத்தமாக எரியும், மண்ணில் கசியும் பயம் இல்லை. ஆனால் எரிபொருள் விலை? டேங்க் வைத்தால் ஒரு யூனிட் வெப்பம் 10 பென்ஸ் பக்கம், சிலிண்டர் என்றால் 15 பென்ஸ். பனிக்காலத்தில் முழு வீட்டையும் சிலிண்டரில் சூடாக்குவது காசைக் கரியாக்குகிற வேலை. டேங்க் பெரும்பாலும் கம்பெனியுடையது, நீங்கள் வாடகை கட்டுவீர்கள், ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வீடு வாங்கும்போது அந்த ஒப்பந்தத்தின் கதை என்ன என்று வக்கீலிடம் கேளுங்கள்.

எல்.பி.ஜி.யை நான் முழுக்க ஒதுக்கிவிடாததற்குக் காரணம் சமையலறை. ஆயில் வீட்டிலும் சரி, ஹீட் பம்ப் வீட்டிலும் சரி, அடுப்பு மட்டும் சிலிண்டரில் எரியும்படி வைத்துக்கொள்ளலாம். கிராமத்தில் பல ஆங்கிலேயக் குடும்பங்களே இப்படித்தான் வைத்திருக்கின்றன. தோசைக்கல்லுக்குத் தீ கிடைக்கிறது, அப்பளம் சுடலாம். புயலில் கரண்ட் போனாலும், பாதுகாப்பு வால்வு மின்சாரத்தை நம்பாத அடுப்பாக இருந்தால், தீக்குச்சி கொளுத்திக் கஞ்சி வைத்துவிடலாம். சமையலுக்கு மட்டும் என்றால் ஒரு சிலிண்டர் பல மாதம் வரும், விலை உறைக்காது.

## ஹீட் பம்ப்

வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும் இயந்திரம். ஏசியைத் திருப்பி ஓட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைத்தால் செலவு 8 பென்ஸ் சொச்சம். நன்றாகப் பொருத்திய வீட்டில் மூன்றரை கிடைக்கும், அப்போது ஆயிலுக்குச் சமம். ஏனோதானோ என்று பொருத்தினால் இரண்டரைக்கு இறங்கும், அப்போது 10 பென்ஸ். ஆகவே இங்கே இயந்திரத்தின் பிராண்டைவிடப் பொருத்துகிறவரின் கைதான் முக்கியம். ஒவ்வொரு அறையாக வெப்ப இழப்பை அளந்து கணக்குப் போடாமல் விலை சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு மானியம் 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்ந்தது. பொருத்துகிறவர்களுக்கான எம்.சி.எஸ். தரச் சான்று பெற்றவர் பொருத்தினால்தான் கிடைக்கும், அவரே உங்களுக்காக விண்ணப்பிப்பார். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கையெழுத்துப் போடும் முன் இன்றைய தொகையைச் சரிபாருங்கள். மானியம் போக மிச்சம் சில ஆயிரம் கைக்காசு போகும். அதில் எல்லோரும் மறப்பது ரேடியேட்டர். தண்ணீர் 70 டிகிரிக்குப் பதில் 45, 50 டிகிரியில்தான் ஓடும், அதனால் பல அறைகளில் ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். வெந்நீர் டேங்க் வைக்கவும் இடம் ஒதுக்க வேண்டும். அந்த டேங்க் இருக்கும் அலமாரி, குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க வீட்டிலேயே தோதான இடம் என்பது கூடுதல் லாபம்.

பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று விட்டு விட்டு ஓட்டினால் ஹீட் பம்ப் சரிப்பட்டு வராது. மெதுவாக, நாள் முழுக்க ஓட விட வேண்டும். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து "சூடே இல்லையே" என்று வீட்டுப் பெரியவர்கள் புகார் சொல்வார்கள், ஆனால் அறையில் 20 டிகிரி இருக்கும். பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே, ஈரம் மிகுந்த காற்றில், அதாவது சாதாரண ஆங்கிலக் குளிர்கால நாளில், வெளிப்பெட்டியின் மீது பனி படியும். இயந்திரம் சில நிமிடம் தன்னையே சூடாக்கி அதை உருக்கிக்கொள்ளும். அப்போது வெள்ளையாக ஆவி கிளம்பும். பார்த்துவிட்டுத் தீப்பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

நாள் முழுக்க ஆள் இருக்கிற, ஓரளவு காற்றுப் புகாத, சொந்த வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஓலைக்கூரை போட்ட முந்நூறு வருடப் பழைய வீட்டில், சுவரையும் ஜன்னலையும் சரிசெய்யாமல் இதை மட்டும் வைப்பதற்கு மாட்டேன் என்பேன். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடு என்றால் ஜன்னலை மாற்றவே அனுமதி வாங்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

## விறகு அடுப்பு

வீடு பார்க்கும்போது மயங்குவது இதில்தான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தீ எரியும், முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறை சூடாகும் என்பதில் சந்தேகமில்லை. மாடிப் படுக்கையறை சூடாகாது.

விறகைக் காசு கொடுத்து வாங்கினால் ஒரு யூனிட் வெப்பம் 14 பென்ஸ் பக்கம், கிட்டத்தட்ட சிலிண்டர் விலை. மலிவு என்று சொல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், சொந்த மரமும் செயின் ரம்பமும் விறகைக் காயவைக்கக் கொட்டகையும் வைத்திருப்பார்கள். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அதை எரித்தால் புகைபோக்கியில் தார் படியும், அந்தத் தார்தான் பின்னால் புகைபோக்கித் தீயாகும். 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். மொத்தமாக வாங்கினால் நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும். ஈரம் அளக்கும் கருவி மலிவாகவே கிடைக்கும். கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. கோடரியால் பிளந்து, புதிதாகத் திறந்த உட்பக்கத்தில் அதன் இரண்டு ஊசிகளையும் அழுத்திப் பாருங்கள். 20-க்குக் கீழே காட்டினால் எரிக்கலாம், 30 காட்டினால் அடுத்த குளிர்காலத்துக்கு அடுக்கி வையுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது புகைபோக்கியைத் துடைக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் சான்று கேட்கலாம், ஓலைக்கூரை வீட்டில் கெடுபிடி அதிகம். கார்பன் மோனாக்சைடு அலாரம் அந்த அறையில் கட்டாயம் இருக்க வேண்டும், வாடகை வீட்டில் அதை வைத்துத்தருவது உரிமையாளரின் சட்டப்படியான கடமை. வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் அன்றாடம் இதை எரிக்காதீர்கள்.

அப்புறம் உடல் உழைப்பு. மழையில் கொட்டகைக்குப் போய்க் கூடை நிறைய விறகு கொண்டுவர வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், தீ மூட்ட வேண்டும். யார் செய்வது? பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவர் தலையில்தான் விழும். கணக்கில் வராத இந்தச் செலவைக் கல்யாணமான இருவரும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

ஆனாலும் ஆர்வென் மாதிரி ஒரு புயல் வாரத்தில், மின்சாரம் இல்லாமல் ஒரு அறையைச் சூடாக வைத்திருக்க இதுதான் இருக்கும். முதல் ஏற்பாடாக வேண்டாம், இரண்டாவது ஏற்பாடாக இருந்தால் அந்த வீட்டுக்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பெண்.

## ஒரே பார்வையில்

| ஏற்பாடு | ஒரு யூனிட் வெப்பம் (உத்தேசம்) | புதிதாக வைக்கும் செலவு | மெனக்கெடல் | கரண்ட் போனால் |
|---|---|---|---|---|
| ஆயில் | 7 பென்ஸ் | நடுத்தரம், டேங்க் தனி | ஆர்டர், அளவு பார்த்தல் | ஓடாது |
| எல்.பி.ஜி. டேங்க் | 10 பென்ஸ் | குறைவு | ஒப்பந்தம் பார்த்தல் | பாய்லர் ஓடாது, அடுப்பு எரியலாம் |
| எல்.பி.ஜி. சிலிண்டர் | 15 பென்ஸ் | குறைவு | அடிக்கடி மாற்றுதல் | மேலே சொன்னபடியே |
| ஹீட் பம்ப் | 7 முதல் 10 பென்ஸ் | அதிகம், மானியம் உண்டு | பொருத்திய பிறகு மிகக் குறைவு | ஓடாது |
| விறகு | 14 பென்ஸ் | நடுத்தரம் | மிக அதிகம் | ஓடும் |

பழைய இரவு ஹீட்டர்கள் இதில் இல்லை. இரவின் ஏழு மணி நேரம் மலிவு மின்சாரத்தில் செங்கல்லைச் சூடாக்கிப் பகலில் வெப்பத்தை விடும் வகை அது. மாலை ஐந்து மணிக்கு, அதாவது உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில், ஆறிப்போயிருக்கும். சின்ன ஃபிளாட்டுக்கு ஓகே, குழந்தையோடு கிராமத்து வீட்டுக்கு வேண்டாம்.

## யாருக்கு எது

சொந்த வீடு, குறைந்தது பத்து வருடமாவது அங்கே இருப்போம் என்ற எண்ணம், பகலில் வீட்டில் ஆள்: ஹீட் பம்ப். ஆனால் பரணுக்கும் இடுக்குகளுக்கும் முதலில் செலவழியுங்கள்.

சொந்த வீடு, நன்றாக ஓடும் ஆயில் பாய்லர், இருவரும் ஷிஃப்ட்: பாய்லரை மாற்றாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் டேங்கை நிரப்பி வையுங்கள், பொதுவாக அப்போது விலையும் கெடுபிடியும் குறைவு. வசதி இருந்தால் சின்ன விறகு அடுப்பு ஒன்று, சமையலுக்குச் சிலிண்டர். கொஞ்சம் பழைய பாணிதான், ஆனால் அந்த ஜனவரி வாரத்தை இந்தக் கூட்டணி தாங்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எந்த ஏற்பாடாக இருந்தாலும் ஒன்று செய்ய வேண்டும்: ஹீட்டிங்கை முழுக்க அணைக்காமல் 12 டிகிரியில் விட்டுவிட்டுப் போங்கள். குழாய் உறைந்து வெடித்தால், திரும்பி வரும்போது கூரை வழியாகத் தண்ணீர் கொட்டும். வீடு 30 நாளுக்கு மேல் பூட்டியிருந்தால் பல காப்பீடுகளில் நிபந்தனை மாறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ முதியவரோ வீட்டில் இருந்தால் மின் நிறுவனத்தின் முன்னுரிமைப் பதிவேட்டில் பெயர் கொடுத்து வையுங்கள், இலவசம்தான். கரண்ட் போனால் அழைக்க வேண்டிய எண் 105.

வாடகைக்குப் போகிறவர்கள் வீடு பார்க்கும்போதே ஏஜென்டிடம் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். போன குளிர்காலத்தில் எவ்வளவு ஆயில் ஆனது? பாய்லருக்குக் கடைசியாக சர்வீஸ் எப்போது? புகைபோக்கியைத் துடைத்த சான்று இருக்கிறதா? குடிபுகும் நாளில் டேங்கில் இருக்கும் ஆயில் யாருடையது, காலி செய்யும்போது எவ்வளவு விட்டுப் போக வேண்டும்? சாவி வாங்கிய அன்றே டேங்க் அளவைத் தேதியோடு போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முன்பணம் திரும்பி வரும் நேரத்தில் இந்த ஆயில் கணக்கில்தான் பலருக்கும் வாக்குவாதம் வருகிறது.